பெண்டு எடுத்த கதை: நம் வட்டாரத்துச் சக்கரங்களின் வரலாறு



மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் கலாட்டாவைப் பற்றியும் எழுத நம்மில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் 2011-ல் மெக்கானிகல் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவன். இன்றுவரை அதே வேலைதான். எனக்குத் தெரிந்தது தகடும், தகடு வளைவதும்தான். ஆகவே காரின் இரும்புச் சக்கரம் நம் வட்டாரத்துக்கு எப்படி வந்தது, அது வளைந்தால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள், இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "இதெல்லாம் ஒரு சரித்திரமா?" என்று கேட்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது.

வண்டிச் சக்கரத்திலிருந்து தொடங்குவோம்

மாட்டு வண்டிச் சக்கரத்தை நம்மில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் கிட்டத்தில் பார்த்திருப்பார்கள். நடுவில் குடம். குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றிப் பிடிக்கும் வட்டை. வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. இந்தப் பட்டாவை வட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறியதாகவே அடிப்பார்கள். பிறகு வரட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டாவைச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தில் மாட்டி, தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டா சுருங்கும், மரத் துண்டுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று இறுகிக்கொள்ளும். நாம் முதல் வருஷத்தில் படித்த வெப்ப விரிவுப் பாடத்தை, சூத்திரம் எதுவும் இல்லாமல், ஊர்த் தச்சரும் கொல்லரும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தார்கள்.

மோட்டார் கார் வந்த புதிதில் அதற்கும் மரச் சக்கரம்தான். இல்லாவிட்டால் சைக்கிள் போலக் கம்பிச் சக்கரம். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். அப்புறம் வண்டியின் வேகம் கூடியது, எடை கூடியது. மரம் காய்ந்தால் ஆட்டம் காணும். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் முறுக்கிச் சரிபார்க்க ஆள் வேண்டும். 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் சமயத்தில், இங்கிலாந்தில் ஜோசப் சாங்கி கம்பெனி இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, பற்றவைத்துச் சக்கரம் செய்தது. பார்ப்பதற்கு மரச் சக்கரம் மாதிரியே ஆரக்கால் வைத்துச் செய்தார்கள். ஜனங்களுக்குப் பழகிய உருவம் வேண்டுமல்லவா! பிறகு அந்த வேஷமும் கலைந்து, சாதாரண வட்டத் தட்டுச் சக்கரம் வந்துவிட்டது. சாமானியர் வாங்கும் கார்களுக்கு அதுவே நிலைத்தது. காரணம் ரொம்ப எளிது: பிரஸ்ஸில் போட்டால் மளமளவென்று வந்து விழும், விலை மலிவு, அடி தாங்கும்.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. நாம் இன்றைக்கும் மாற்றுச் சக்கரத்தை "ஸ்டெப்னி" என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. 1904-ல் அந்தத் தெருவில் இருந்த கடைக்காரர்கள் காற்றடைத்த டயரோடு கூடிய ஒரு வெற்று வளையத்தைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டும்படி விற்றார்கள். தெருவின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் அந்தச் சொல் வழக்கொழிந்து போயிற்று. நம் ஊர் டிரைவர்கள் அதை விடவே இல்லை!

பாடிக்கு வந்த சக்கரம்

இன்று நாம் திருவள்ளூர் மாவட்டம் என்று சொல்வது 1997-ல் பிரிந்தது. அதற்கு முன்னால் எல்லாமே பழைய செங்கல்பட்டு மாவட்டம். எண்ணூர், அம்பத்தூர், ஆவடி, பாடி, தெற்கே வண்டலூர் எல்லாம் ஒரே குடை. நம் நாட்டு மோட்டார் தொழிலின் ஆரம்பக் கதையில் பாதி இந்தக் குடைக்குள்தான் நடந்தது.

1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. ஆனால் முதலில் வந்தவை எல்லாம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டிய கார்கள். சக்கரமும் அப்படித்தான்.

1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு முடிவைச் சொன்னது: இந்தியாவில் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களே இங்கே கார் தொழில் நடத்தலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கடையைக் கட்டலாம் என்பது அதன் சாரம். 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் பூட்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. மிச்சம் இருந்தவர்களுக்கு உள்ளூரிலேயே பிரேக், டைனமோ, டயர், சக்கரம் எல்லாம் தேவைப்பட்டது.

அப்படித்தான் பாடியும் அம்பத்தூரும் எழுந்தன. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. 1959-ல் அங்கே டன்லப் டயர் தொழிற்சாலை. 1960-ல் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்து டன்லப்போடு கூட்டுச் சேர்ந்து பாடியில் வீல்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். மூன்றே வருஷத்தில் இத்தனை! வயலும் ஏரியுமாக இருந்த பாடிப் பக்கம், காருக்கும் லாரிக்கும் கைகால் செய்யும் ஊராகிவிட்டது. பின்னாளில், 2018-ல், அம்பத்தூர் வட்டத்தோடு பாடியும் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் தகட்டை அழுத்தும் தொழில், பாடியிலிருந்து வடக்கே நகர்ந்து நகர்ந்து கும்மிடிப்பூண்டிவரை வந்துவிட்டது. அதில் சோறு சாப்பிடுபவர்களில் நானும் ஒருவன்.

ரிம்மும் டிஸ்க்கும்

இரும்புச் சக்கரம் இரண்டே பாகம். டயர் உட்காரும் வளையம் ரிம். நட்டு போட்டு இறுக்கும் நடுத் தட்டு டிஸ்க். தகட்டுப் பட்டையை வெட்டி, வளைத்து, இரு முனையையும் பற்றவைத்து வளையமாக்கி, உருளைகளுக்கு நடுவில் ஓட்டி ஓட்டி ஓரம், படுகை, நடுப் பள்ளம் என்று உருவம் கொண்டு வருவார்கள். அதுதான் ரிம். டிஸ்க்கைப் பிரஸ்ஸில் பல படிகளாக அழுத்தி, ஓட்டை போட்டு, ரிம்முக்குள் செலுத்திப் பற்றவைப்பார்கள். பழைய சக்கரங்களில் ரிவெட் அடித்ததும் உண்டு.

இதற்குப் போடுவது கரி குறைந்த மெல்லிரும்பு. நம் மெட்டீரியல்ஸ் லேபை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய மெஷினில் மைல்டு ஸ்டீல் துண்டை மாட்டி இழுத்தோமே! முள் ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் தயங்கும், அதற்குப் பிறகு துண்டு சவ்வு மிட்டாய் மாதிரி நீளும், கழுத்துக் கட்டி, கடைசியில்தான் "டப்" என்று அறும். வார்ப்பிரும்புத் துண்டோ தயங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அந்த ஒரு வகுப்புக்குள் சக்கரத்தின் முழு ரகசியமும் இருக்கிறது. மெல்லிரும்புச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் உடையாது, வளையும். வளைந்து, டிரைவரின் கையில் ஸ்டியரிங் ஆட்டமாகச் சேதி சொல்லும். நிமிர்த்தினால் பெரும்பாலும் நிமிரும். நம் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது.

நிமிர்த்துவது ஒரு தொழிலான கதை

லைசென்ஸ் காலத்தில் கார் வாங்குவது என்றால் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள்தான் எல்லோர் வாயிலும். கிடைத்த காரை இருபது வருஷம், முப்பது வருஷம் ஓட்டியாக வேண்டும். சக்கரம் வளைந்தால் புதுசு வாங்குவது வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்குப் புதுப்பேட்டையில் பழசு. அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் "பெண்டு" எடுக்கும் பட்டறை.

இந்தப் பட்டறைகள் தேசிய நெடுஞ்சாலை ஓரமெல்லாம் முளைத்தன. ஜி.என்.டி. ரோடு என்று நாம் சொல்லும் கல்கத்தா சாலையில் லாரிப் போக்குவரத்து அதிகம். அதனால் செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த வேலைக்குக் குறைவே இல்லை. "பெண்டு நிமிர்ந்துபோச்சு" என்று நாம் எல்லோரும் கடைசி வருஷ புராஜெக்ட் சமயத்தில் புலம்பினோமே, அந்தப் பேச்சு வழக்கே இப்படிப்பட்ட பட்டறைகளிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் அனுமானம்!

இந்தத் தொழிலுக்குப் பாடப் புத்தகம் கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது. குரு அடிப்பதைப் பார்த்துச் சிஷ்யன் கற்றுக்கொள்வதுதான். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் அம்பத்தூரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பழகியவர். பழைய லேத்து ஒன்றின் படுகையை வைத்து அவரே ஒரு பெண்டு எடுக்கும் மெஷின் செய்திருக்கிறார். எனக்கு டிகிரி இருக்கிறது. ஆனால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தே "இதுக்குள்ள விரிசல் இருக்கு" என்று சொல்லும் காது எனக்கு இல்லை. அவருக்கு இருக்கிறது.

பெரியப்பாவின் அம்பாசடர்

என் பெரியப்பா திருவள்ளூரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 1977 மாடல் மார்க் 3 அம்பாசடர் வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நடந்த கல்யாணம், பிரசவம், சாவு எல்லாவற்றுக்கும் அந்தக் கார் போயிருக்கிறது. போன வருஷம் பேத்திக்குத் திருத்தணியில் காதுகுத்து. "வேற வண்டி எதுக்கு? நம்ம வண்டியிலயே போலாம்" என்று பெரியப்பா பிடிவாதம். ஆனால் 60 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ஸ்டியரிங் உதறியது. ஒரு பட்டறையில் இரண்டு தடவை வீல் பாலன்ஸிங் செய்து காசு வாங்கிக்கொண்டார்கள். உதறல் போகவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாலன்ஸ் வேறு, வட்டம் வேறு. ஈயத் துண்டை ஒட்டி எடையைச் சரி பண்ணலாம். கோணல் சக்கரம் அதனால் நேராகிவிடாது. சோதனையை ஒழுங்காக, வரிசையாகச் செய்ய வேண்டும். நாங்கள் செய்தது இதுதான்.

முதலில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்தோம். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கை வைக்கவே கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். பேரிங் ஆடினால் மற்ற அளவு எல்லாம் பொய்.

அடுத்தது, டயரைக் கழற்றி வெறும் சக்கரத்தை மாட்டினோம். டயர் கோணலா, சக்கரம் கோணலா என்ற சந்தேகம் அப்போதுதான் தீரும். ரிம்மில் டயர் உட்காரும் படுகையைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்தோம். டயல் கேஜை ஒரு கனமான ஸ்டாண்டில் பொருத்தி, இரண்டு அளவு எடுத்தோம். முள்ளைப் படுகையில் வைத்துச் சுற்றினால் ஏற்ற இறக்கம் தெரியும். ரிம் ஓரத்தின் உட்பக்கச் சுவரில் வைத்துச் சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம் தெரியும். ரிம்மின் வெளி விளிம்பில் ஏற்ற இறக்கம் பார்க்கக் கூடாது. நடைபாதைக் கல்லில் உரசிய சொட்டை எல்லாம் கணக்கில் வந்து குழப்பும். டயல் கேஜ் இல்லாதவர்கள் ஒரு செங்கல்மேல் ஸ்குரூ டிரைவரை அசையாமல் வைத்து, அதன் முனைக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி மாறுவதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அந்தக் காலத்துக் கார்களுக்குப் பொதுவாக அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர்வரை தாளும் என்பது பழைய கணக்கு. இன்றைய கார்களுக்கு அது மிக அதிகம். நான் 1 மில்லிமீட்டரை இலக்காக வைத்துக்கொண்டேன்.

கோணல் சக்கரத்திலா, அது மாட்டியிருக்கும் ஹப்பிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேடான இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். சக்கரத்தைக் கழற்றி, இரண்டு நட்டு தள்ளி மறுபடி மாட்டி அளங்கள். மேடு சக்கரத்தில் போட்ட கோட்டோடு நகர்ந்தால் குற்றம் சக்கரத்தில்; ஹப்பின் அதே இடத்திலேயே நின்றால் குற்றம் ஹப்பில். ஐந்து பைசா செலவில்லாத சோதனை!

ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரம். இரண்டு நன்றாக இருந்தன. ஒன்றில் பக்கவாட்டு ஆட்டம் 3 மில்லிமீட்டர். இன்னொன்றின் உள்பக்க ஓரத்தில் கைப்பிடி அளவுக்குச் சொட்டை. டிஸ்க் வெளிப்பக்கமாக இருப்பதால் ரிம்மின் உள்பக்க ஓரத்துக்குத் தாங்கல் குறைவு. பள்ளத்தில் அடிபடுவதும் அதுதான், வெளியே நின்று பார்த்தால் தெரியாததும் அதுதான். ஐந்தாவது சக்கரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிமிர்த்தும் விதம்

வளைந்த இரண்டையும் பாயிடம் கொண்டு போனோம். பாய் சக்கரத்தை மெஷினில் டிஸ்க் வழியாக இறுக்கி மாட்டினார். சுற்றிவிட்டு, உயர்ந்த இடத்தையும் தாழ்ந்த இடத்தையும் சாக்பீஸால் குறித்தார். பிறகு ஹைட்ராலிக் ஜாக்கியைச் சட்டத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் கொடுத்து, இரும்பு நேராக இரும்பில் படாமல் கெட்டியான மரக்கட்டையை வைத்து, மெல்ல மெல்லத் தள்ளினார். தள்ளுவதும் விடுவதும் சுற்றிப் பார்ப்பதுமாகவே அரை மணி நேரம் போயிற்று. ஏனென்றால் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். நேர்க்கோட்டில் நிறுத்தினால் விட்டதும் பின்வாங்கும். ஆகவே நேரைத் தாண்டி ஒரு நூல் தள்ள வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. விளிம்புச் சொட்டையை மட்டும் பின்னால் தாங்குகட்டை கொடுத்து சுத்தியலால் தட்டி எடுத்தார்.

"கேஸ் வெச்சிச் சூடு பண்ணா சீக்கிரம் நிமிருமே பாய்?" என்று பெரியப்பா கேட்டார்.

"நிமிரும் சார். ஆனா அந்த எடம் மெத்துன்னு போயிடும். அடுத்த பள்ளத்துல அங்கியே மறுபடி மடங்கும்" என்றார் பாய்.

இதற்கு நம் பாஷையில் விளக்கம் உண்டு. உருளையில் ஓட்டும்போதும் பிரஸ்ஸில் அழுத்தும்போதும் தகடு குளிர்ந்த நிலையிலேயே உருமாறுகிறது. அதனால் அது உறுதி ஏறியிருக்கும். சிவக்கச் சுட்டால் அந்த உறுதி கரைந்துபோகும், பக்கத்து இடமும் கோணும். பாய் சொன்ன "மெத்து" நம் மெட்டலர்ஜி புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம்.

மூன்று மில்லிமீட்டர் ஆடிய சக்கரம் முக்கால் மில்லிமீட்டருக்கு வந்தது. சொட்டை விழுந்ததும் 1 மில்லிமீட்டருக்குள் அடங்கியது.

ஐந்தாவது சக்கரம்

இனிதான் நான் முதலில் சொன்ன உயிர் விஷயம். ஐந்தாவது சக்கரம் அளவில் பரவாயில்லை. ஏற்ற இறக்கம், பக்கவாட்டு ஆட்டம் இரண்டும் வரம்புக்குள். ஆனால் பாய் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியல் காம்பால் தட்டினார். மற்ற நாலும் மணி மாதிரி ஒலித்தன. இது ஓட்டைப் பானை மாதிரிச் சத்தம் போட்டது.

எங்கள் கம்பெனியில் விரிசல் பார்க்கச் சாயப் பரிசோதனை செய்வோம். பரப்பைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிஷத்துக்கு மேல் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் ரத்தக் கோடாக வெளியே வரும். அந்தச் சக்கரத்தில் நட்டு ஓட்டை ஒன்றிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பியிருந்தன. நட்டு உட்காரும் குழிவும் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

"அவ்ளோதானே? ஒரு வெல்டு வெச்சாப் போச்சு! நாப்பது வருஷமா கூடவே ஓடின சக்கரம்டா" என்றார் பெரியப்பா.

"வேணாம் பெரியப்பா, இது வளைசல் இல்ல, விரிசல். வெல்டு வெச்சாலும் பக்கத்துலயே மறுபடி விடும்" என்றேன்.

அவருக்கு மனசே இல்லை. அவரும் கணக்கு வாத்தியார்தானே, அதனால் கணக்கையே போட்டுக் காட்டினேன். அம்பாசடர் டயரின் அளவு 5.90-15. வெளிவட்டம் ஏறக்குறைய 26 அங்குலம். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 480 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் 4 கோடியே 80 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் பாரம் டிஸ்க்கை ஒரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிக்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அதேதான். இங்கே மடங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு. இப்படி அலுத்துப்போன இரும்பில் விரிசல் ஒரு முறை தொடங்கினால் ஒவ்வொரு சுற்றும் அதைக் கொஞ்சம் நீட்டும். மேலே வெல்டு வைத்தால் விரிசல் மறையும், அலுப்பு மறையாது. போதாக்குறைக்கு வெல்டின் ஓரம் புதிய விரிசலுக்கு வாசல் திறந்து வைக்கும். நட்டு உட்காரும் இடமும் கோணி, இறுக்கம் நிற்காது.

பாய் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "சார், வளைஞ்சதை நிமித்துறது என் வேலை. வெடிச்சதை ஒட்டுறது என் வேலை இல்ல. அதுல கொழந்தைங்க ஒக்காருது."

காசு வேண்டாம் என்று வேலையை மறுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு வேறு வேலையும் இல்லை என்பதை நான் பார்த்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரிடா, உன் கணக்கும் பாயோட காதும் ஒண்ணாத்தான் சொல்லுது" என்றார். புதுப்பேட்டையில் அதே அளவில் பழைய சக்கரம் ஒன்று தேடிப் பிடித்தோம். அதையும் சாயம் போட்டுப் பார்த்த பிறகுதான் மாட்டினோம். திருத்தணிக்கு நல்லபடியாகப் போய் வந்தோம். காதுகுத்தும் சிறப்பாக நடந்தது. வண்டி உதறவில்லை.

இந்தக் கலை இனி யாரிடம்?

திருவள்ளூருக்கும் இந்துஸ்தான் மோட்டார்ஸுக்கும் பழைய உறவு உண்டு. 1970-களில் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் அவர்களுடைய பிரிவு இங்கே இருந்தது. பிற்பாடு அது கேட்டர்பில்லர் வசம் போயிற்று. 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் இங்கேதான் தயாராகத் தொடங்கியது. அம்பாசடர் பிறந்த மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதம் நின்றுபோனது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ வாங்கியது. அதே பெஜோவோடு ஒரே குழுமத்தைச் சேர்ந்த சிட்ரோயன் கார் 2021-ல் திருவள்ளூரில் தயாராகி வெளியே வந்தது. பெரியப்பாவின் காருடைய பெயர்ப் பாத்தியதை சுற்றிச் சுற்றி நம் ஊர்ப் பக்கமே வந்து நிற்கிறது! ஆனால் காரும் வராது, அதன் சக்கரமும் புதிதாக வராது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது விலை கூடிய புதுக் கார்களில் அலுமினியக் கலவைச் சக்கரம். பார்க்க அழகு, எடை குறைவு. வார்த்துச் செய்வதால் மெல்லிரும்பு அளவுக்கு நீண்டு கொடுக்காது. பலமாக அடிபட்டால் விரிசல் விடும். மாற்றிவிடுவதுதான் வழக்கம். ஆகவே பெண்டு எடுக்கும் பட்டறைகளில் கூட்டம் இல்லை. பாயின் மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான், நல்ல சம்பளம். "அவன் எதுக்கு சார் இங்க வந்து அடுப்புல வேகணும்?" என்று பாயே சொல்கிறார். நியாயம்தான். ஆனால் அவர் காது அவரோடு போய்விடும் என்று நினைத்தால் எனக்கு என்னமோ செய்கிறது.

அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன். நம்மில் பழைய கார், ஜீப், அப்பாவின் ஃபியட் என்று வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் நினைவில் வைக்க வேண்டியது நாலே நாலு:

1. ஸ்டியரிங் உதறினால் பாலன்ஸிங்குக்கு ஓடாதீர்கள். முதலில் பேரிங், பிறகு வெறும் சக்கரத்தின் வட்டம், பிறகு டயர், கடைசியில் பாலன்ஸ்.

2. ரிம் ஓரத்தில் வளைசல் என்றால் சூடு காட்டாமல் நிமிர்த்தலாம். அதே இடத்தில் ஒரு முறை நிமிர்த்தியது மறுபடி வளைந்தால் விட்டுவிடுங்கள். இரும்புக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு.

3. நட்டு ஓட்டையிலோ, டிஸ்க் ரிம்மோடு சேரும் வெல்டிலோ விரிசல், ஓட்டை முட்டை வடிவம், துரு அரித்துத் தகடு மெலிந்த நிலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சக்கரம் ஓட லாயக்கில்லை. வெல்டு வைக்காதீர்கள், விற்காதீர்கள். விற்றால் வேறு யாரோ மாட்டுவார்கள்.

4. பெயின்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் குழிவில் தடிமனாக அப்பாதீர்கள். பெயின்ட் நசுங்கினால் நட்டு தளரும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை மறுபடி பாருங்கள்.

பெரியப்பாவின் ஐந்தாவது சக்கரத்தைக் கட்டர் வைத்து இரண்டாக அறுத்து, பழைய இரும்பில் போட்டேன். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் உலைகள் நிறைய உண்டு. நாற்பது வருஷம் எங்கள் குடும்பத்தைச் சுமந்த இரும்பு, இந்நேரம் யார் வீட்டுத் தூணிலோ கம்பியாக நின்று கொண்டிருக்கலாம். அதற்கும் அது நல்ல கதிதான்.

நம் கல்லூரி இயந்திரவியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். லேபில் துண்டை இழுத்து உடைக்கும் மாணவர்களை வருஷத்தில் ஒரு நாளாவது இப்படி ஒரு பட்டறைக்கு அழைத்துப் போங்கள். பாய் வரச் சொல்லியிருக்கிறார். வண்டி ஏற்பாடு என் பொறுப்பு. டீச் செலவும் என் பொறுப்பு!

வாழ்க நம் கல்லூரி. வளர்க நம் நட்பு.